அமெரிக்காவும் ஜப்பானும்: சாஃப்ட்வுட் பலகை இறக்குமதியை வருஷவாரியாக ஒப்பிடுவது எப்படி

இரண்டு நாடுகள் வருஷா வருஷம் எவ்வளவு மரப்பலகை இறக்குமதி செய்தன என்று ஒப்பிடுவது அரை மணி நேர வேலை போலத்தான் தெரியும். டேட்டாவை இறக்கி, எக்செலில் போட்டு, இரண்டு கோடு வரைந்தால் முடிந்தது. நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், ஜப்பானின் கோடு 2016 வரை ஒழுங்காகப் போய் 2017-இல் நேராகப் பூஜ்ஜியத்தில் விழுந்தது. ஒரு நாடு ஒரே வருஷத்தில் மரம் வாங்குவதை அடியோடு நிறுத்திவிடாது என்பது தெரிந்தும், என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. உங்களுக்கு அந்த ஒரு நாள் மிச்சமாகட்டும். அதைவிட முக்கியம், கோடு சரியாக வந்த பிறகும் அதைத் தப்பாகப் படிக்க நிறைய வழி இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

ஏன் இந்த இரண்டு நாடுகள்? இரண்டிலும் சாதாரணக் குடும்பங்கள் மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீட்டில் வாழ்கிறார்கள், இரண்டும் வெளியிலிருந்து நிறைய ஊசியிலை மரம் வாங்குகின்றன. ஆனால் வாங்கும் விதம் வேறு. அமெரிக்காவுக்கு வருவதில் பெரும்பகுதி பக்கத்து நாடான கனடாவிலிருந்து ரயிலிலும் லாரியிலும் வருகிறது. ஜப்பானுக்கு எல்லாமே கப்பலில் வர வேண்டும், கனடா, பின்லாந்து, சுவீடன், ரஷ்யா என்று பல திசைகளிலிருந்து. ஒரு நாட்டில் விலை ஏறினால் மற்ற நாட்டுக்குப் போக வேண்டிய சரக்கு திசை மாறுவதையும் இந்த ஜோடியில் கண்கூடாகப் பார்க்கலாம்.

முதலில் குறியீடு

சாஃப்ட்வுட் என்றால் மெத்தென்ற மரம் என்று அர்த்தமில்லை. பைன், ஸ்ப்ரூஸ், ஃபர், ஹெம்லாக், டக்ளஸ் ஃபர், சிடார் மாதிரியான ஊசியிலை மரங்களின் பொதுப்பெயர் அது. பொம்மை விமானம் செய்கிற பால்சா கையால் அழுத்தினாலே அமுங்கும், ஆனால் வகைப்பாட்டில் அது ஹார்டுவுட். அதனால் பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள், குறியீட்டைப் பார்த்து எடுங்கள்.

உலகம் முழுக்கச் சுங்கத்துறைகள் பயன்படுத்தும் எச்எஸ் குறியீட்டில் அறுத்த மரம் 4407 என்ற தலைப்பில் வருகிறது, 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, அதற்குப் பிறகு நாட்டுக்கு நாடு வேறு (அமெரிக்காவில் பத்து இலக்கம், ஜப்பானில் ஒன்பது), எனவே ஒப்பிடும்போது ஆறு இலக்கத்தோடு நின்றுவிடுவதுதான் பாதுகாப்பு.

இங்கேதான் நான் விழுந்த பள்ளம். 2016 வரை ஊசியிலை மரப்பலகை எல்லாம் 440710 என்ற ஒரே குறியீட்டில் இருந்தது. 2017-இல் எச்எஸ் திருத்தப்பட்டபோது அதை மூன்றாக உடைத்துவிட்டார்கள்: பைனுக்கு 440711, ஃபருக்கும் ஸ்ப்ரூஸுக்கும் சேர்த்து 440712, மீதிக்கு 440719. பழைய குறியீடு அன்றோடு செத்துப்போனது. ஜப்பான் மரம் வாங்கிக்கொண்டேதான் இருந்தது, நான்தான் செத்த குறியீட்டில் தேடிக்கொண்டிருந்தேன். 2022 திருத்தத்தில் மேலும் இரண்டு சேர்ந்தன: ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் மூன்றும் கலந்து எஸ்பிஎஃப் என்ற பெயரில் விற்கும் பலகைக்கு 440713, ஹெம்லாக்கும் ஃபரும் கலந்த ஹெம்-ஃபருக்கு 440714. கனடாவிலிருந்து வரும் வீட்டுச் சட்டப் பலகை பெரும்பாலும் எஸ்பிஎஃப்தான் என்பதால், 2022-க்குப் பிறகு 440712-ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் ஸ்ப்ரூஸ் இறக்குமதி சரிந்துவிட்டது போல ஒரு பொய்த் தோற்றம் வரும்.

எனவே எக்செலில் ஒரு தனி நெடுவரிசை வைத்து, 2016 வரை 440710, 2017 முதல் 2021 வரை மூன்று குறியீடுகளின் கூட்டல், 2022 முதல் ஐந்து குறியீடுகளின் கூட்டல் என்று ஒரே தொடராக்கிவிடுங்கள். சேர்த்த இடங்களில் எண் சம்பந்தமில்லாமல் குதிக்கிறதா என்று பாருங்கள். மர வகை வாரியாகப் பிரித்து நீண்டகால ஒப்பீடு செய்யும் ஆசை வரும், 2017-க்கு முன்னால் அது ஆறு இலக்கத்தில் முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

டேட்டா எங்கே

நீண்ட காலத் தொடர் வேண்டுமென்றால் உணவு வேளாண் அமைப்பின் ஃபாவோஸ்டாட் போதும், அதில் காட்டுப் பொருள்கள் பகுதியில் ஊசியிலை அறுத்த மரம் தனிப் பொருளாக 1961 முதல் இருக்கிறது, உற்பத்தியும் ஏற்றுமதியும்கூட அதே இடத்தில் கிடைக்கும், குறியீட்டு மாற்றத் தலைவலியும் இல்லை. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு எழுத்து இருக்கும், அது நாடு கொடுத்த எண்ணா அல்லது அமைப்பே மதிப்பிட்டதா என்று சொல்லும், அந்த நெடுவரிசையை அழித்துவிடாதீர்கள். எந்த நாட்டிலிருந்து வந்தது, எந்த மாதம் வந்தது என்று தெரிய வேண்டுமென்றால் ஐநாவின் காம்ட்ரேட், அமெரிக்காவுக்கு அவர்களுடைய சர்வதேச வணிக ஆணையத்தின் டேட்டாவெப், ஜப்பானுக்கு நிதி அமைச்சகம் வெளியிடும் வணிகப் புள்ளிவிவரம். எல்லாமே இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும்.

ஃபாவோஸ்டாட்டில் ஒரு பாதியும் காம்ட்ரேட்டில் ஒரு பாதியுமாக எடுத்து ஒட்ட மட்டும் வேண்டாம். ஒரு மூலத்தைப் பிடித்தால் கடைசி வரை அதையே பிடியுங்கள்.

கன மீட்டரா, போர்டு ஃபுட்டா

இதில்தான் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வட அமெரிக்காவில் பலகையைப் போர்டு ஃபுட்டில் கணக்கிடுவார்கள். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அங்குலம் தடிமன் இருந்தால் ஒரு போர்டு ஃபுட். நம்மூர் மரக்கடையில் ஆசாரி சொல்லும் கன அடியோடு பொருத்திப் பார்த்தால் 12 போர்டு ஃபுட் ஒரு கன அடி, அவ்வளவுதான். ஆயிரம் போர்டு ஃபுட் என்பது 2.36 கன மீட்டர், எனவே 100 கோடி போர்டு ஃபுட் என்று படித்தால் மனதுக்குள் 23.6 லட்சம் கன மீட்டர் என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் கணக்கு காகிதத்தில் உள்ள அளவுக்குத்தான். அமெரிக்காவில் டூ-பை-ஃபோர் என்று விற்கும் சட்டம் உண்மையில் இரண்டுக்கு நான்கு அங்குலம் இல்லை, காய வைத்து இழைத்த பிறகு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். பெயரளவில் குறுக்குவெட்டு 8 சதுர அங்குலம், கையில் கிடைப்பது 5.25. அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆயிரம் போர்டு ஃபுட் டூ-பை-ஃபோரில் உண்மையான மரம் 2.36 கன மீட்டர் அல்ல, சுமார் 1.55 கன மீட்டர். ஒரு அறிக்கை பெயரளவில் கணக்கிட்டும் இன்னொன்று உண்மை அளவில் கணக்கிட்டும் இருந்தால், ஒரே ரயில் பெட்டிச் சரக்கு இரண்டு இடத்திலும் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசத்தோடு தெரியும். அமெரிக்கா ஜப்பானைவிட இத்தனை மடங்கு வாங்குகிறது என்று நேரடியாகச் சொல்லும் எந்த வாக்கியமும் இந்தச் சந்தேகத்துக்கு உட்பட்டதுதான்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு நாட்டையும் அதனதன் பழைய எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு, அந்த மாற்றங்களை மட்டும் பக்கத்தில் வையுங்கள். அமெரிக்காவின் அளவுமுறை எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருந்தால் அதன் பிழையும் எல்லா வருஷமும் ஒரே விகிதத்தில் இருக்கும், வகுக்கும்போது அடிபட்டுப் போகும். எப்படி என்று கீழே வருகிறேன்.

பணத்தில் ஒப்பிடாதீர்கள்

டாலர் மதிப்பு எல்லா இடத்திலும் சுலபமாகக் கிடைப்பதால் நிறையப் பேர் அதையே போட்டுவிடுகிறார்கள். மரப்பலகை விஷயத்தில் இது ரொம்ப மோசமான தேர்வு, ஏனென்றால் இந்தச் சரக்கின் விலை ஆடுகிற ஆட்டம் சாதாரணமானது இல்லை. 2021 மே மாதம் சிகாகோ சந்தையில் பலகையின் முன்பேர விலை ஆயிரம் போர்டு ஃபுட்டுக்கு 1,600 டாலரைத் தாண்டியது, அதே வருஷம் ஆகஸ்டில் 500 டாலர் பக்கம் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் இப்படி என்றால், அந்த வருஷ இறக்குமதியின் டாலர் மதிப்பில் எவ்வளவு மரம் எவ்வளவு விலை என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

அப்புறம் யென். 2011, 2012-இல் ஒரு டாலருக்கு 80 யென் அளவில் இருந்தது, 2024-இல் ஒரு கட்டத்தில் 160-ஐத் தொட்டது. அதே டாலர் விலைச் சரக்குக்கு ஜப்பானிய வியாபாரி இரண்டு மடங்கு யென் எடுத்து வைக்க வேண்டும். டாலரில் வரைந்த சார்ட் இந்த வலியைக் காட்டாது, யென்னில் வரைந்தால் இறக்குமதி பெருகியது போலக் காட்டும். போதாக்குறைக்கு, ஜப்பான் தன் இறக்குமதி மதிப்பில் கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்துச் சொல்கிறது, அமெரிக்காவில் வழக்கமாக எடுத்தாளும் சுங்க மதிப்பில் அவை சேராது. கன்டெய்னர் கூலி பல மடங்கு ஏறிய 2021 மாதிரியான வருஷத்தில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

அளவை வைத்து ஒப்பிடுங்கள். மதிப்பை அளவால் வகுத்து சராசரி விலை என்று ஒரு தனிக் கோடு போட்டால் அது உபயோகமானது, அதைத் தனியாக வையுங்கள்.

முழு மரமாக வருவதையும் ஒட்டி வருவதையும் விட்டுவிடாதீர்கள்

4407-ஐ மட்டும் பார்த்தால் அமெரிக்காவின் கதை பெரும்பாலும் சரியாக வந்துவிடும். ஜப்பானின் கதை வராது.

ஜப்பான் ரொம்பக் காலம் அறுக்காத மரமாகவே வாங்கி, தன் துறைமுகப் பக்கத்து மில்களில் அறுத்துக்கொண்ட நாடு. வாஷிங்டன், ஓரிகான் மாநிலங்களிலிருந்து டக்ளஸ் ஃபர், ரஷ்யாவின் தூரக் கிழக்கிலிருந்து லார்ச். 1990-இல் இரண்டு விஷயம் நடந்தது. அமெரிக்கா தன் மேற்குப் பகுதியின் மத்திய அரசுக் காடுகளில் வெட்டிய மரத்தை அறுக்காமல் ஏற்றுமதி செய்ய ஏற்கெனவே இருந்த தடையை நிரந்தரமாக்கியது, அதே வருஷம் வடக்கத்திப் புள்ளி ஆந்தையை அழிவு அபாயமுள்ள பட்டியலில் சேர்த்ததால் அந்தக் காடுகளில் வெட்டுவதே பெரிதாகக் குறைந்தது. அப்புறம் ரஷ்யா தன் முழுமர ஏற்றுமதி வரியை 2007 ஜூலையில் 20 சதவீதமாகவும் 2008 ஏப்ரலில் 25 சதவீதமாகவும் உயர்த்தியது. ஒவ்வொரு முறையும் ஜப்பானுக்கு வந்த முழுமரம் குறைந்தது, அந்த இடத்தை ஓரளவு அறுத்த பலகையும் ஓரளவு உள்நாட்டு மரமும் நிரப்பின. 4407-இன் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இடமாற்றம் தெரியவே தெரியாது.

எனவே முழுமரம் பதிவாகும் 4403 என்ற தலைப்பின் ஊசியிலைப் பகுதியையும் எடுங்கள் (2016 வரை 440320, அதன் பிறகு 440321 முதல் 440326 வரை). இரண்டையும் நேரடியாகக் கூட்ட முடியாது, ஒரு கன மீட்டர் பலகை எடுக்க ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் முழுமரம் ஆகும், மீதி பட்டை, தூள், சீவல் என்று போய்விடும். முழுமரத்தின் அளவைப் பாதியாக்கிப் பலகையோடு சேர்ப்பது தோராயமானதுதான், ஆனால் சேர்க்காமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு பக்கம் ஒட்டுமரம். ஜப்பானியத் தச்சு முறையில் கட்டும் வீட்டில் தூணும் உத்தரமும் வேண்டும், இப்போது அதில் பெரும்பங்கு மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்த குளூலாம். பின்லாந்திலிருந்து ஒட்டுவதற்கான மெல்லிய பலகையாக வந்தால் அது 4407-இல் பதிவாகும். பின்லாந்திலேயே ஒட்டி முழு உத்தரமாக வந்தால் கட்டடத் தச்சுப் பொருள்களுக்கான 4418-இல் பதிவாகும், நம் கோட்டிலிருந்து மறைந்துவிடும். 2022 முதல் குளூலாமுக்கு 441881 என்று தனிக் குறியீடு கிடைத்திருக்கிறது, அதற்கு முன்பு மற்ற பொருள்களோடு கலந்து கிடந்தது. இதைக் கூட்ட முடியாவிட்டாலும் சார்ட்டின் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அடிப்படை வருஷம்

இப்போது குறியீட்டெண். ஒரு வருஷத்தின் இறக்குமதியை 100 என்று வைத்து மற்ற வருஷங்களை அதன் சதவீதமாக எழுதுவது, ஆளுக்கு ஒரு வகுத்தல்தான். பெரிய நாடும் சின்ன நாடும் ஒரே சார்ட்டில் உட்கார்ந்துவிடும், முன்பு சொன்ன அளவுமுறைத் தகராறும் போய்விடும். ஆனால் எந்த வருஷத்தை 100 என்று வைக்கிறோம் என்பதில் முழுக் கதையும் மாறிவிடும், இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இறக்குமதியை எடுப்பதற்கு முன்னால், மரத்தின் தேவையைத் தள்ளிக்கொண்டு போகும் எண்ணில் இதைச் செய்து பாருங்கள், அதாவது ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கட்டத் தொடங்கிய வீடுகள். அமெரிக்காவில் 2000-இல் சுமார் 15.7 லட்சம், 2005-இல் 20.7 லட்சம், 2009-இல் 5.5 லட்சம், 2023-இல் 14 லட்சத்துக்குச் சற்று மேல். ஜப்பானில் அதே வருஷங்களில் 12.3 லட்சம், 12.4 லட்சம், 7.9 லட்சம், 8.2 லட்சம்.

2005-ஐ 100 என்று வைத்தால் 2023-இல் அமெரிக்கா 69 பக்கம், ஜப்பான் 66. இரண்டும் ஒரே மாதிரி சரிந்த நாடுகள் என்று எழுதிவிடலாம். 2009-ஐ 100 என்று வைத்தால் அமெரிக்கா 255-க்கு மேல், ஜப்பான் 104. ஒன்று பிய்த்துக்கொண்டு எழுந்தது, மற்றது எழவே இல்லை என்று எழுதலாம். 2000-ஐ வைத்தால் அமெரிக்கா 90, ஜப்பான் 67. ஒரே டேட்டா, மூன்று தலைப்புச் செய்தி, மூன்றிலும் ஒரு எண்கூடப் பொய் இல்லை.

காரணம், 2005 அமெரிக்காவின் வீட்டுக் கடன் குமிழி உப்பியிருந்த உச்சம், 2009 அது வெடித்த அடிமட்டம். ஜப்பானுக்கு 2005 ஒரு சாதாரண வருஷம். ஒரு நாட்டின் உச்சத்தையும் மற்ற நாட்டின் சாதாரணத்தையும் சமம் என்று வைத்துத் தொடங்கினால் அதற்கப்புறம் வரும் எல்லாமே சாய்ந்துதான் வரும். நான் செய்வது, குமிழிக்கு முந்தைய நான்கைந்து வருஷங்களின் சராசரியை, உதாரணமாக 1998 முதல் 2002 வரை, 100 என்று வைப்பது. அதோடு நிறுத்தாமல் வேறு இரண்டு அடிப்படைகளிலும் போட்டுப் பார்க்கிறேன், மூன்றிலும் நிற்கும் முடிவை மட்டும் எழுதுகிறேன். முதல் வருஷத்தையும் கடைசி வருஷத்தையும் மட்டும் எடுத்து இத்தனை சதவீதம் மாற்றம் என்று சொல்லும் பழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம், 69-உம் 66-உம் அருகருகே இருந்தாலும் அங்கே வந்து சேர்ந்த வழி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது.

வீட்டால் வகுத்துப் பாருங்கள்

இறக்குமதி அளவை அந்த வருஷம் கட்டத் தொடங்கிய வீடுகளால் வகுத்தால், ஒரு வீட்டுக்கு எத்தனை கன மீட்டர் வெளிநாட்டு மரம் என்று ஒரு எண் வரும். என் அனுபவத்தில் இந்த ஒரே கோடு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்கிறது. இறக்குமதி குறைந்தது என்றால், வீடு குறைந்ததால் குறைந்ததா அல்லது அதே வீட்டுக்கு வேறு இடத்திலிருந்து மரம் வந்ததால் குறைந்ததா என்று பிரித்துக் காட்டும்.

ஜப்பானில் இந்தப் பிரிவினை முக்கியம், ஏனென்றால் போருக்குப் பிறகு மலைகளில் நட்ட சுகி, ஹினோகி மரங்கள் இப்போது வெட்டும் பருவத்துக்கு வந்துவிட்டன. நாட்டின் மொத்த மரத் தேவையில் உள்நாட்டு மரத்தின் பங்கு 2002-இல் 19 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 2020-இல் 40 சதவீதத்தைத் தாண்டியது. மக்கள்தொகை சுருங்குவதால் வீடு குறைகிறது, கட்டும் வீட்டிலும் உள்நாட்டு மரம் ஏறுகிறது, இரண்டும் ஒரே திசையில் இறக்குமதியைக் கீழே இழுக்கின்றன.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு இடமாற்றம் உண்டு, வேறு காரணத்தால். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990-களின் கடைசியிலிருந்து மலைப் பைன் வண்டு லட்சக்கணக்கான ஹெக்டேர் காட்டைக் கொன்றது. செத்த மரம் கெடுவதற்குள் அறுத்துத் தள்ளிய வரை பலகை வந்தது, அதற்கப்புறம் மரமில்லாமல் மில்கள் மூடத் தொடங்கின. வெஸ்ட் ஃப்ரேசர், கேன்ஃபோர், இன்டர்ஃபோர் போன்ற கனடிய நிறுவனங்களே அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் மில் வாங்கி அங்கிருந்து தெற்குப் பைன் பலகை விற்கின்றன. கம்பெனி அதே கம்பெனி, ஆனால் பலகை எல்லை தாண்டுவதில்லை, எனவே இறக்குமதிக் கணக்கில் வராது.

வகுக்கும்போது இரண்டு ஜாக்கிரதை. அமெரிக்காவில் பலகையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு பழைய வீட்டைப் பழுது பார்க்கவும் விரிவாக்கவும் போகிறது, 2020-இல் வீட்டில் அடைபட்ட மக்கள் திண்ணையும் வேலியும் போடக் கிளம்பியபோது புதிய வீட்டு எண்ணிக்கையில் தெரியாத ஒரு தேவை அப்படித்தான் வந்தது. ஜப்பானில் கட்டும் வீடுகளில் பாதிக்குச் சற்று மேல்தான் மரவீடு, மீதி கான்கிரீட்டும் எஃகும், எனவே மொத்த வீட்டு எண்ணிக்கையால் வகுக்காமல் மரவீட்டு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அந்த எண்ணை அவர்கள் தனியாகவே வெளியிடுகிறார்கள்.

கோட்டின் மேல் தேதிகளை எழுதுங்கள்

இதைச் செய்யாமல் எந்தச் சார்ட்டையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். மரப்பலகை இறக்குமதி கொள்கை முடிவுகளுக்கு உடனே அசையும், தேதி தெரியாதவருக்கு அது சும்மா ஏற்ற இறக்கமாகத் தெரியும்.

அமெரிக்கக் கோட்டில், கனடாப் பலகைக்கு இறக்குமதி வரி போடுவது பற்றிக் கனடாவோடு நடக்கும் வழக்கின் கட்டங்கள் வர வேண்டும்: 1996 முதல் 2001 வரை முதல் ஒப்பந்தம், 2002 மே மாதம் சராசரியாக 27 சதவீத வரி, 2006 அக்டோபரில் புது ஒப்பந்தம், 2015 அக்டோபரில் அது முடிந்து ஒரு வருஷ அமைதி, 2017-இலிருந்து மறுபடி வரி. அந்த வரி ஒரே எண்ணாக நிற்பதில்லை. வருஷா வருஷம் மறுஆய்வு செய்வார்கள், பெரும்பாலான கம்பெனிகளுக்கு 20 சதவீதத்தில் தொடங்கியது 2020 கடைசியில் 9 பக்கம் இறங்கி, 2021 கடைசியில் 18 பக்கம் ஏறி, 2022-இல் மறுபடி 9-க்குக் கீழ் போனது. 2025-இல் 35 சதவீதமாகி, அதன் மேல் அக்டோபர் 14 முதல் எல்லா நாட்டுப் பலகைக்கும் 10 சதவீதம் சேர்ந்தது, ஆக கனடாவுக்கு 45. வரி ஏறப்போகிறது என்று தெரிந்தால் வியாபாரி முன்னாலேயே வாங்கிக் குவிப்பார், ஏறிய பிறகு வாங்கமாட்டார். எனவே மாதக் கோட்டில் தெரியும் மேடும் பள்ளமும் தேவையின் மேடு பள்ளம் அல்ல, பன்னிரண்டு மாத நகரும் கூட்டல் போட்டுத் தட்டையாக்கிப் பாருங்கள்.

ஜப்பான் கோட்டில் நுகர்வு வரி. 1997 ஏப்ரலில் 3-இலிருந்து 5 சதவீதம், 2014 ஏப்ரலில் 8, 2019 அக்டோபரில் 10. வீடு வாங்குவோர் வரி ஏறுவதற்குள் ஒப்பந்தம் போட ஓடுவதால் 1996-இல் 16 லட்சத்துக்கு மேல் வீடுகள் தொடங்கின, 2013-இலும் ஒரு மேடு உண்டு. அதே மாதிரி 2007 ஜூனில் கட்டடச் சட்டம் கடுமையானபோது அனுமதி கிடைப்பதே தடைபட்டு, முந்தைய வருஷம் 12.9 லட்சமாக இருந்த எண்ணிக்கை 10.6 லட்சமாக விழுந்தது. இதைத் தெரியாதவர்கள் ஜப்பானின் 2007 பள்ளத்தை அமெரிக்க வீட்டுச் சந்தைச் சரிவின் எதிரொலி என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது, அவ்வளவுதான்.

இரண்டு கோடும் உண்மையாகவே ஒன்றையொன்று தொடும் இடம் 2021. அமெரிக்காவில் விலை எகிறியதும் ஐரோப்பிய மில்கள் சரக்கை அங்கே திருப்பின, கன்டெய்னரும் கிடைக்கவில்லை, ஜப்பானில் வீட்டுக்கு உத்தரம் கிடைக்காமல் கட்டுமானம் தாமதமானது. ஜப்பானியர் அதற்கு வுட் ஷாக் என்றே பெயர் வைத்தார்கள். அந்த வருஷம் ஜப்பானின் இறக்குமதி மதிப்பு பாய்ந்தது, ஆனால் வந்த மரம் அதற்கேற்ப ஏறவே இல்லை. மதிப்பை வைத்து ஒப்பிடாதீர்கள் என்று மேலே இவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு இந்த ஒரு வருஷம் போதும்.

கடைசியாக மறுபக்கத்திலிருந்து சரிபார்ப்பு

ஜப்பான் கனடாவிலிருந்து வாங்கியதாகச் சொல்லும் அளவையும், கனடா ஜப்பானுக்கு விற்றதாகச் சொல்லும் அளவையும் அருகருகே வையுங்கள். அப்படியே பொருந்தாது, கப்பல் டிசம்பரில் கிளம்பி ஜனவரியில் சேர்ந்தால் இரண்டு வருஷக் கணக்கில் பிரிந்துவிடும், பெயரளவு உண்மையளவு வித்தியாசமும் இருக்கும். ஆனால் இடைவெளி வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஏதோ ஒரு வருஷத்தில் மட்டும் வாய் பிளந்தால் பெரும்பாலும் குறியீடு விட்டுப்போயிருக்கும் அல்லது அலகு மாறியிருக்கும், திரும்பப் போய் அந்த வருஷத்தை மட்டும் மூலத்திலிருந்து எடுங்கள்.

கடைசி சில மாத எண்களை எல்லா நாடுகளும் பிறகு திருத்தும். அதை முழுக்கோடாகப் போடாமல் புள்ளிக்கோடாகப் போட்டு, எந்தத் தேதியில் டேட்டா இறக்கினீர்கள் என்று சார்ட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே சார்ட்டைப் புதுப்பிக்கும்போது பழைய எண் ஏன் மாறியிருக்கிறது என்று குழம்ப வேண்டியிருக்காது.